பான்யாவுக்குப் போன செங்கல்

கொர்னேய் தீஸன் பாவி என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். என்ன பாவம் என்பதுதான் யாருக்கும் தெரியாது. குடிப்பதில்லை. பெண்டாட்டி மேல் கை நீட்டியதில்லை. பக்கத்து வீட்டு ஆட்டைத் தன் ஆட்டோடு சேர்த்து ஓட்டிவருவதில்லை. பக்கத்து டவுன் டோக்மோக் வரைக்கும் போய், வீட்டைச் சூடாக்கும் கணப்பு அடுப்பு கட்டிக் கொடுப்பவர். ஜெபவீட்டின் கணப்பும் அவர் கைவேலைதான். ஞாயிறு தவறாமல் வந்து கதவோரத்துக் கடைசிப் பெஞ்சில் உட்காருவார். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருதடவைகூட முன்னால் போய் முழங்கால் போட்டதில்லை.

அங்கே அதுதான் முறை. பிரசங்கம் முடிந்து அழைப்பு வந்ததும், எல்லார் பார்க்க நடந்து போய், முழங்காலிட்டு, எல்லார் காதிலும் விழ வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். அப்புறம்தான் 'சகோதரர்'. அதுவரைக்கும் ஆள் எவ்வளவு தங்கமாக இருந்தாலும் வெறும் கொர்னேய்தான்.

அவர் மனைவி நேத்தாவின் கவலை இது ஒன்றுதான். புதன்கிழமைப் பெண்கள் ஜெபத்தில் மழை, காய்ச்சல், கொர்னேய் என்று மூன்று விண்ணப்பங்கள் நிரந்தரம். மழை எத்தனையோ தடவை பெய்துவிட்டது, காய்ச்சல்களும் வந்து போயின. கொர்னேய் மட்டும் கடைசிப் பெஞ்சிலேயே இருந்தார்.

"உன் வீட்டுக்காரர் மனசு கல்லும்மா," என்பாள் பாட்டுக்குழுவின் தீனா அத்தை, இருமிக்கொண்டே. அவளுக்கு நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கல் என்ற பேச்சு வந்தால் கொர்னேய் எழுந்து வெளியே நழுவிவிடுவார். ஏனென்றால் விஷயமே கல்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெபவீட்டுக்குக் கணப்பு கட்டச் சொல்லி, தீ தாங்கும் நல்ல செங்கல்லை சபை வரவழைத்துக் கொடுத்தது. அப்போது அவர் தன் வீட்டுப் பின்கட்டில் பான்யா என்கிற குளியலறை கட்டிக்கொண்டிருந்தார். நீராவிக் குளியலுக்கு அந்தச் செங்கல் எவ்வளவு வாகு என்று தொழில் தெரிந்தவருக்குத் தெரியாதா? நல்ல கல் பான்யாவுக்குப் போயிற்று. ஜெபவீட்டு அடுப்பின் வயிற்றுக்குள் சாதாரணச் சுவர்க்கல் வந்தது. வெளியே சுண்ணாம்பு பூசிவிட்டால் யாருக்குத் தெரியும்?

அடுப்புக்குத் தெரியும். வருஷா வருஷம் குளிர்காலத்தில் வெடித்துப் புகை கக்கும். கொர்னேய் வந்து களிமண் அப்பிவிட்டுப் போவார். "மலைக்காத்துங்க, புகையைக் கீழ தள்ளுது," என்பார். "பாவம், கூலியே வாங்க மாட்டேங்கிறார்," என்று சபை உருகும். முதல் பத்து வருஷம் அவரைத் தடுத்தது வெறும் கூச்சம்; கல் போன பிறகு, அழைப்பு வரும்போதெல்லாம் எழுந்திருக்கப் பார்ப்பார். பிரசங்க மேடைக்குப் பக்கத்திலிருந்து அந்த அடுப்பு அவரையே பார்க்கும். உட்கார்ந்துவிடுவார்.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகையன்று காலையில்தான் கணப்பை முதல்முதலாக ஏற்றினார்கள். மேடையைச் சுற்றிப் பூசணிக்காய், ஆப்பிள், சோளக்கதிர். அடுப்போரம் ஒரு கோதுமைக் கட்டு. மூப்பர் இசாக் பிரசங்கம் செய்தார்.

"மனந்திரும்புறதுன்னா அழுவுறதுன்னு நெனச்சுக்கிட்டிருக்கோம். டோக்மோக் போகணும்னு ஏறினீங்க. பஸ்ஸு பிஷ்கெக் பக்கம் போகுது. ஜன்னலோரம் உக்காந்து கண்ணீர் விட்டா ஊர் வந்துருமா? இறங்கணும்! எதிர்ப்பக்கம் போய் நிக்கணும்! இறங்குறதுக்கு வெக்கமா இருக்குன்னு எத்தன பேரு பிஷ்கெக் வரைக்கும் போயிட்டிருக்கீங்க?"

நேத்தா திரும்பிப் பார்த்தாள். கொர்னேய் கூரையைப் பார்த்தார்.

"யாராவது வர்றீங்களா?" என்றார் இசாக்.

அப்போதுதான் கொர்னேய் அதைக் கண்டார். அடுப்பின் மூலையில் பூச்சு விரிந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. ஒரு சாண் தள்ளிக் கோதுமைக் கட்டு. யோசிக்க நேரமில்லை. எழுந்தார், நடந்தார், மேடைக்கு முன்னால் அடுப்படியில் முழங்கால் போட்டார், கோதுமைக் கட்டை ஒரு கையால் தள்ளிவிட்டு மறுகையால் அடுப்பின் காற்றுக்கதவை இறுக்கிச் சாத்தினார்.

ஜெபவீட்டுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகு மட்டும்தான். முழங்காலில் இருக்கும் முதுகு!

"ஐயோ ஆண்டவரே!" என்று நேத்தா விம்மினாள். தீனா அத்தை யாரும் எட்ட முடியாத சுருதியில் பாட்டை எடுத்தாள். பெண்கள் பக்கம் கைக்குட்டைகள் பறந்தன. ஆண்கள் பக்கம் தாடிகள் நனைந்தன. இசாக்கின் கை அவர் தோளில் விழுந்தது.

"ஜெபம் பண்ணு, சகோதரா."

சகோதரா! கொர்னேய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். நேத்தா கல்யாணத்தன்று இருந்த மாதிரி இருந்தாள். 'ஆண்டவரே, நான் பாவி' என்று ஒரே வரி போதும். பொய்யும் இல்லை. அவள் ஆயுசுக்கும் சந்தோஷமாக இருப்பாள். வாயைத் திறந்தார். புகை தொண்டையில் இறங்கியது. இருமினார்.

"நான்... அடுப்பைச் சாத்த வந்தேன்," என்றார்.

பாட்டு பாதியில் அறுந்தது. நேத்தாவின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. ஆனால் பஸ்ஸிலிருந்து ஒரு காலை வெளியே வைத்தாகிவிட்டது.

"காத்து கீத்து ஒண்ணும் இல்லீங்க. நான்தான். நீங்க குடுத்த நல்ல கல்லு எங்க வீட்டு பான்யாவுல இருக்கு. பன்னண்டு வருஷமா. இதுக்குள்ள வெச்சது வெறும் சுவர்க்கல்லு."

தீனா அத்தைதான் முதலில் எழுந்தாள்.

"அப்ப எனக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லையா? இத்தன வருஷமா முழுங்கின மாத்திர?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இசாக்கின் முகம் மட்டும் பீட்ரூட்டாகிக்கொண்டே போனது.

"சபையாரே," என்றார் மெதுவாக, "நானும் சனிக்கிழம சனிக்கிழம அந்த பான்யாவுலதான் குளிக்கிறேன். சூடு எப்படி நிக்குது பாருன்னு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் வேற சொல்லியிருக்கேன்."

இப்போது ஜெபவீடே அதிர்ந்தது. ஒரு பூசணிக்காய் உருண்டு பாட்டுக்குழு வரைக்கும் போய் நின்றது. நேத்தா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நேராக அவரிடம் வந்தாள்.

"இருபத்திரெண்டு வருஷம் உன் மனசுக்காக ஜெபிச்சேன். பன்னண்டு வருஷமாக் குறுக்க நின்னது செங்கல்லா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கடப்பாறய எடுத்திருப்பேனே, முட்டாளே!"

"உனக்கு அந்த பான்யா பிடிக்கும்..."

"உன்னையும் பிடிக்கும். பேசாம ஜெபம் பண்ணு."

பண்ணினார். "ஆண்டவரே, கல்லைத் திருடினேன், பொய் சொன்னேன், தீனா அத்தைய இரும வெச்சேன். மன்னிச்சிருங்க. நாளைக்கே பிரிச்சுர்றேன்." அவ்வளவுதான். சபை ஆமென் சொன்னபோது ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. அவர் எழுந்ததும் ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டார்கள். கரி எல்லார் சட்டையிலும் ஒட்டியது.

திங்கட்கிழமை பான்யாவைப் பிரிக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஊரே வந்தது, பாதிப்பேர் வேலைக்கு, மீதிப்பேர் வேடிக்கைக்கு. முதல் கடப்பாறை நேத்தாவுடையது. இசாக் கல்லைத் துடைத்துத் துடைத்து அடுக்கினார். அதற்குத்தான் தெம்பிருந்ததா, விடைகொடுக்க மனமில்லையா தெரியாது. முற்றத்தில் பெரிய கொப்பரையில் புலாவ் வெந்தது. கேரட் நறுக்கியபடி பாடிய தீனா அத்தை ஒருதடவைகூட இருமவில்லை. "மாத்திரையை நிறுத்தலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் நிறுத்தணும்," என்று மட்டும் ஏழெட்டுப் பேரிடம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு, அந்த நல்ல கல்லால் மாற்றிக் கட்டிய கணப்பு புகையில்லாமல் எரிந்தது. கொர்னேய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷத்தில் எல்லாரும் ஜன்னலோரமாக ஒண்டியிருந்ததால், அந்த வெதுவெதுப்பு முழுக்க அவருக்கே கிடைத்தது.

அதற்கு முந்தின சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் சிரமம். சமையலறை நடுவில் தகர அண்டா. அதற்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார் கொர்னேய். நேத்தா சொம்பில் மொண்டு தலையில் ஊற்றினாள்.

"குளுருது," என்றார்.

"அப்படித்தான் குளுரும், சகோதரா," என்று சிரித்துக்கொண்டே அடுத்த சொம்பை ஊற்றினாள்.