விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

கண்ணாடித் துண்டின் மேல் விரலை வைத்துப் பார்க்கிறேன், சில்லென்று இருக்கிறது, கீறல் இல்லை, அசைவில்லை என்று நோட்டில் எழுதுகிறேன், எழுதியது கோத்தகிரிக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால், ஆனால் விரல் தொட்டுக்கொண்டிருப்பது சென்னையில் என் குளியலறைச் சுவரை, என்னடா செய்கிறாய் கிழவா என்று கேட்கக்கூட இந்த வீட்டில் ஆளில்லை, லயத்தின் கடைசி வீட்டுச் சுவரில்தான் விரிசல், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடியை வைத்து இரு முனையிலும் சிமெண்ட் பூசிவிட்டால் போதும், மலை ஒரு முடியளவு நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும், இதைத் தொடாதீங்கம்மா என்றேன், சரிங்க சார் என்றாள் பவளக்கொடி, சிலோனிலிருந்து வந்து கொழுந்து பறிக்கிறவள், மாசம் ஒருமுறை நான் போனால், என்ன சார் இப்படி இளைச்சுட்டீங்க, வீட்டுல பொங்கிப் போட யாருமில்லையா என்பாள், இல்லைம்மா என்றால், அடக் கடவுளே என்று வெல்லக்கட்டியோடு வெறும் தேத்தண்ணி கொடுப்பாள், அவள் புருஷன் காத்தமுத்து உட்காரும் பலகையை என் பக்கம் நகர்த்துவான், மண்சரிவு பார்க்கும் வேலையில் ஊரெல்லாம் மலை அளந்தேன், நான் சாப்பிட்டேனா என்று கேட்ட வாசல் அது ஒன்றுதான், பத்து மாசமும் கண்ணாடி முழுசாக இருந்தது, சரிவு நிலையாக உள்ளது, வீட்டைக் காலி செய்ய வேண்டாம் என்று அறிக்கை எழுதினேன், சந்தோஷமாகத்தான் எழுதினேன், அந்த வாசல் எனக்கு மிஞ்சுமே என்ற சந்தோஷம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் மலை இறங்கிக் கடைசி வீட்டை மூடியது, காத்தமுத்து ஃபேக்டரியில் இருந்தான், பவளக்கொடி உள்ளே இருந்தாள், பள்ளிக்கூடத்து முகாமில் அவன் பக்கத்தில் போய் உட்கார்கிறேன், எப்படிப்பா, கண்ணாடி உடையவே இல்லையே என்கிறேன், அவன் தலையைக் குனிந்துகொண்டு, உடைஞ்சுது சார், மூணு தடவ உடைஞ்சுது, எங்க கைபட்டுத்தான் போயிருக்கும், சார் பாத்தா மனசு சங்கடப்படுவாரு, அப்புறம் நம்ம வீட்டுக்கு வரமாட்டாருன்னு அழுதா சார், ஒவ்வொரு தடவயும் எங்க கல்யாணப் போட்டோக் கண்ணாடியில கொஞ்சம் வெட்டி, நீங்க வர்றதுக்குள்ள அவளே ஒட்டிவெச்சா, என்கிறான், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா காத்தமுத்து, என்று நான் கத்துகிறேன், முகாமே திரும்பிப் பார்க்கிறது, அவன் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறான், கோபமே இல்லை அந்த முகத்தில், தொடாதீங்கன்னு மட்டுந்தானே சார் சொன்னீங்க, எதுக்குன்னு சொல்லலியே.