அனிருத்தின் ரேங்க்

எங்கள் வீட்டில் ஓய்வே இல்லாமல் உழைக்கிறவன் அனிருத்தான் என்று என் கணவர் சொல்வார். அனிருத் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

இதைக் கேட்டு அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பட்டாபிராமனைப் போலத் தெளிவான மனுஷன் ராஜகீழ்ப்பாக்கத்தில் கிடையாது. மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஒரு மயிரிழை கூடக் குறைய இருந்தாலும் பாகத்தைத் தூக்கித் தள்ளிவிடுவார். வீட்டிலும் அப்படித்தான், என் சாம்பாரில் ஆரம்பித்து.

அனிருத் எங்கள் மூத்த பிள்ளை. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ரத்தப் புற்றுநோய் வந்தது. வந்த வேகத்தில் அவனைக் கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் இவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். கம்பெனி பஸ்ஸில் போவார், வருவார், தட்டில் போட்டதைச் சாப்பிடுவார். சாம்பாரில் குறை சொன்னால் தேவலையே என்று நான் ஏங்குகிற அளவுக்கு ஆகிவிட்டது.

ஒரு நாள் எங்கேயோ எதையோ படித்துவிட்டு வந்தார். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் மருந்துக்காக மலை மாதிரி கணக்குப் போட வேண்டியிருக்கிறதாம். அதைத் துண்டு துண்டாக்கி, உலகம் பூராவும் வீடுகளில் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். நம் கம்ப்யூட்டர் தன் பங்கைப் போட்டு முடித்து விடையைத் திருப்பி அனுப்பினால் அடுத்த துண்டு வரும். கூலி கிடையாது, ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரிதான். அதற்கென்றே சல்லிசாக ஒரு கம்ப்யூட்டர் கட்டப் போகிறேன் என்றார். பல நாளைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான். நான் உடனே சரி என்றேன். கப்பல் கட்டப் போகிறேன் என்றிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சிறுசேரியில் ஏதோ ஒரு ஆபீஸ் கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டரிலிருந்து முக்கால்வாசி சாமான் வந்தது. மிச்சத்தைக் கேம்ப் ரோட்டில் கடை வைத்திருக்கும் குமரவேல் தேடிக் கொடுத்தார். யாரோ விளையாடித் தள்ளிவிட்ட பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று கேட்டதும் குமரவேலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இன்னா சார், கேமும் ஆட மாட்டேன்றீங்கோ, படமும் பாக்க மாட்டேன்றீங்கோ. அப்பறம் இன்னாத்துக்கு இம்மாம் பெரிய கார்டு?" என்றார். இந்தக் கணக்கை வேகமாகப் போடுவது அந்தக் கார்டுதானாம். இவர் காரணத்தைச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை குமரவேல் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கே வந்து கார்டைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

பெட்டி எதற்கு, திறந்து கிடந்தால் நன்றாகக் காற்றுப் படும் என்று இவர் சொல்லிவிட்டார். வாசலில் இருந்த இரும்புச் செருப்பு ஸ்டாண்டைத் தேய்த்துக் கழுவி, மேல் தட்டில் போர்டையும் கீழ்த் தட்டில் பவர் சப்ளையையும் பொருத்தி, எதிரில் ஒரு டேபிள் ஃபேனை வைத்தார். சரஸ்வதியைக் கொண்டுபோய்ச் செருப்பு ஸ்டாண்டில் ஏற்றிவிட்டீர்களே என்று கேட்டேன். சிரித்தார். அனிருத்தின் அறையில் வைத்து, இன்வெர்ட்டர் லைனில் சொருகி, பெயர் கேட்ட இடத்தில் அனிருத் என்று போட்டார். மூடிக் கிடந்த அறையில் ராவும் பகலும் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. எனக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்?

சனியன் பாயிண்ட் ரூபத்தில் வந்தது. முடிக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் பாயிண்ட் உண்டு. பாயிண்ட்டை வைத்து ஒரு பட்டியல் உண்டு: உலகத்தில் எத்தனையாவது, இந்தியாவில் எத்தனையாவது. சேர்ந்தவர்களுக்கு ஒரு உற்சாகம் இருக்கட்டும் என்று யாரோ வைத்தது. அதை என் கணவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இவர் பிள்ளைகளை அடித்ததில்லை, ஒரு சொல் திட்டியதில்லை. ரேங்க் கார்டை நீட்டினால் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, ஃபர்ஸ்ட் யாரு என்று மட்டும் கேட்பார். அனிருத் இரண்டாவது வந்தாலும் அதே கேள்வி, ஒன்பதாவது வந்தாலும் அதே கேள்வி. ஒரே ஒரு தடவை அந்தப் பிள்ளை ஃபர்ஸ்ட் வந்தான். வாசலிலேயே செருப்பைக்கூடக் கழற்றாமல் கார்டை நீட்டினான். அன்றைக்கு இவர், ஸ்கூல்ல மொத்தமா யாரு ஃபர்ஸ்ட் என்று கேட்டார்.

இப்போது காலையில் காபி டம்ளரைக் கையில் வாங்கும்போதே, அனிருத் ராத்திரி நாலு பேரைத் தாண்டிட்டான் நாகு, என்பார். செத்த பிறகும் அந்தக் குழந்தையை விட மாட்டேன் என்கிறாரே என்று ஆத்திரம் வரும். ஆனால் அவர் முகத்தில் ஒரு களை வந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வேன். ஆயுத பூஜையன்று எல்லா வீட்டிலும் யந்திரத்துக்கு ஓய்வு. எங்கள் வீட்டில் சந்தனம் குங்குமம் வைத்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்தது. அனிருத்துக்கு லீவு கிடையாது என்றார்.

எனக்கு ஒரு பெண்ணும் இருக்கிறாள். ஸஹானா, பன்னிரண்டாம் வகுப்பு. அவளைப் பற்றி நான் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறேன் பாருங்கள், வீட்டிலும் அவள் நிலைமை அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது.

முதலில் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். புத்தகத்தின் மேலேயே அவள் தூங்கிவிட்டால், "அண்ணாவைப் பாரு, கண்ணை மூடாம வேலை பண்ணிண்டிருக்கான்" என்பார். அவளும் சிரிப்பாள். பிறகு சிரிக்காமல் போனாள். சொல்வதை மட்டும் இவர் நிறுத்தவில்லை. பரீட்சையில் இரண்டு மார்க் குறைந்தால், அண்ணா இந்த வாரம் எவ்வளவு முன்னேறியிருக்கான் தெரியுமா என்று போனைக் காட்டுவார்.

ஸஹானாவுக்குச் சோறு இறங்குவது குறைந்தது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. ஒரு சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் தூங்கிப்போய், நம் ஸ்டாப்பைத் தாண்டி மேடவாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். இரத்தம் குறைவாக இருக்கிறது, பெண்ணைத் தூங்க விடுங்கள் என்று டாக்டர் சொன்னார். தூங்க விடுங்களாம், நானா பிடித்து வைத்திருக்கிறேன்?

படிப்பதற்கு அவள் அனிருத்தின் அறைக்கே போக ஆரம்பித்தாள். அந்த யந்திரம் கக்குகிற சூட்டில் அறை அடுப்பங்கரையாகத்தான் இருக்கும். அண்ணா ஞாபகம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு காலை வேளையில் போய்ப் பார்த்தால், நெற்றி வியர்வையில் நனைந்து, கண் சிவந்து, வேதியியலை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறாள். போதும், எழுந்து வந்து படு என்றேன். அவள் செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தாள்.

"அண்ணா இன்னும் நிறுத்தலையேம்மா."

அன்றைக்கு இவரைப் பிடித்து உலுக்கிவிட்டேன். போன பிள்ளையைக் காட்டி இருக்கிற பெண்ணையும் கொன்றுவிடாதீர்கள் என்றேன். அவளை உசுப்பேற்றத்தானே சொல்கிறேன், இதில் என்ன தப்பு என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார். யந்திரத்தை அணைத்துவிடுகிறேன் என்று அந்த அறைக்குப் போனேன். ஸ்விட்சில் விரலையும் வைத்தேன். மானிட்டரில் அனிருத் என்று பெயர் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பெற்ற வயிறு, அழுத்த முடியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸஹானா அதே அறையில் யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் கரண்ட் போனது. அந்த அறையில் எல்லாமே இன்வெர்ட்டர் லைன் என்பதால் விளக்கும் ஃபேனும் அப்படியே இருந்தன. கரண்ட் போனதே அவளுக்குத் தெரியவில்லை. யந்திரத்தையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்து இழுக்க முடியாமல் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. வீடு பூராவும் நிசப்தமாகிவிட்டது.

கரண்ட் வந்ததும் இவர் யந்திரத்தைத் திரும்ப ஓட விட்டுப் பார்த்தார். பாதியில் நின்ற துண்டு கெட்டுப் போயிருந்தது, முதலிலிருந்து போட வேண்டும். ஸஹானா இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"இன்னிக்குச் சாயங்காலம் அவன் இந்தியாவுல நூறுக்குள்ள வந்திருப்பான்," என்றார். குரலை உயர்த்தவில்லை, அது இன்னும் கொடுமையாக இருந்தது. "ரெண்டு நாளா உழைச்சிண்டிருந்தான். ஒரு நிமிஷத்துல அத்தனையும் அழிச்சுட்டே."

ஸஹானா பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அவன் உழைக்கலப்பா. அவன் செத்துப் போயிட்டான். உழைக்கறது நான்."

அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவன் போனப்புறம் என்போம், அந்த வருஷம் என்போம். இவர் பக்கத்தில் இருந்த கட்டிலில் உட்கார்ந்தார். நான் கதவோரம் நின்றேன். இரண்டு பேரில் யாரிடம் போவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸஹானாவே கீபோர்டை இழுத்தாள். பெயர் இருந்த இடத்தில் அனிருத்தை அழித்துவிட்டுப் பட்டாபிராமன் என்று அடித்தாள். இவர் தடுக்கவில்லை.

"இனிமே உன் பேர்ல ஓடட்டும்பா. ரேங்க் நீ வாங்கு."

சொல்லிவிட்டு யூனிபாரத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் வரை தூங்கினாள். எழுப்பாதே என்று இவரே என்னிடம் சைகை காட்டினார். நான் பெரிதாக நம்பிவிடவில்லை. நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

யந்திரம் வழக்கம் போல ஓடியது. யார் பெயரில் போட்டால் என்ன, கணக்குக்கு எல்லாம் ஒன்றுதான். புதுப் பெயருக்குப் பழைய பாயிண்ட் சேராது என்பதால் பட்டாபிராமன் பட்டியலின் அடியாழத்தில், ஆயிரக்கணக்கான பேருக்குக் கீழே கிடந்தார். அதை இவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இரண்டு நாள் காபி குடிக்கும்போது போனைத் தொடவேயில்லை. ஸஹானா அவரோடு பேசவும் இல்லை.

மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து வந்தவர் உடுப்பைக்கூட மாற்றாமல் அனிருத்தின் அறையில் உட்கார்ந்திருந்தார். காபியோடு போனேன். போனை என் பக்கம் திருப்பினார். பட்டியலில் அனிருத் இருந்தான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருந்த அதே பாயிண்ட்டோடு. நூற்றி மூன்றில் இருந்தவன் நூற்றி நான்குக்கு வந்திருந்தான்.

"ஒருத்தன் தாண்டிட்டான் நாகு," என்றார். "நாளைக்கு இன்னொருத்தன் தாண்டுவான். எல்லாரும் தாண்டிப் போயிடுவா. இவன் இனிமே நகரவே மாட்டான்."

சொல்லும்போதே உடைந்துவிட்டார். காரியத்தன்று கூட அழாத மனுஷன், என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி விம்மினார். கண்ணா, கண்ணா என்றார். ரேங்க் என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. என் பிள்ளை செத்துப் போனது அன்றைக்குத்தான் இவருக்குத் தெரிந்தது.

சத்தம் கேட்டு ஸஹானா ஓடி வந்தாள். அப்பா அழுது அவள் பார்த்ததில்லை. பயந்துபோய், "அம்மா, பழைய பேரையே போட்டுடறேன்மா," என்று கம்ப்யூட்டர் பக்கம் போனாள். நான் அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாண்டி. அழட்டும்."