கறுப்பு பாட்டிலும் நாலு பீப்பாயும்

மகள் ரோசன்னாவின் கல்யாணத்தன்று காலையில் ஜெனட் செய்த முதல் காரியம், சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கறுப்பு பாட்டிலில் சிவப்பு விஸ்கியை ஊற்றியதுதான். ஊற்றிவிட்டுத் திருட்டுப் பூனை மாதிரி சுற்றும்முற்றும் பார்த்தாள். யாரும் இல்லை. பாட்டிலின் கழுத்தில் வெள்ளை ரிப்பனைக் கட்டி, ஒன்றும் அறியாதவள் போல வாசற்படியில் கொண்டுபோய் வைத்தாள்.

அமெரிக்காவின் மனோங்கஹேலா ஆற்றுப் பக்கத்தில் அந்தக் காலத்தில் விஸ்கி என்றால் வெள்ளைதான். செம்புக் கொப்பரையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் மாதிரி சொட்டும். அப்படியே குடிப்பார்கள், இருமுவார்கள், மறுபடியும் குடிப்பார்கள். கோதுமை முரண்டு பிடிக்கிற அந்தக் குளிர்ந்த மலைச்சரிவில் ரை தானியம் மட்டும் வீம்புக்கு விளைந்தது. அதை மூட்டையாக மலை தாண்டிக் கொண்டுபோனால் பாதி வழியில் குதிரை படுத்துவிடும். விஸ்கியாகக் காய்ச்சிவிட்டால் அதே குதிரை ஒரு வயலையே முதுகில் தூக்கிக்கொண்டு போகும். அந்த விஸ்கிக்கு வரி போட்டார்கள் என்று அரசாங்கத்துக்கு எதிராகவே துப்பாக்கி தூக்கிய ஜனங்கள் அவர்கள். பத்து வருஷம் ஆகியும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள்.

ஜெனட்டின் நாலு பீப்பாய் விஸ்கி சிவந்தது தற்செயல். உப்பு மீன் வந்த பழைய பீப்பாய்களை அவள் புருஷன் மலிவாக வாங்கி, நாற்றம் போவதற்காக உள்ளே தீ மூட்டிக் கரியாக்கி, புது விஸ்கியை நிரப்பி வைத்தான். மலை தாண்டி அனுப்புவதற்குள் அவனே போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தத் துக்கத்தில் யாருக்குப் பீப்பாய் ஞாபகம்? கொட்டகை மூலையில் வருஷக்கணக்கில் கிடந்தது. போன வசந்தத்தில் திறந்து பார்த்தால், உள்ளே பழுத்த மேப்பிள் இலையின் நிறம். பயந்துகொண்டே ஒரு வாய் குடித்தாள். முதலில் மிளகு, அப்புறம் சுட்ட ரொட்டியின் கருகல் ஓரம், அப்புறம் கிராம்பு, கடைசியில் நாக்கோரம் கொஞ்சம் தேன். கொட்டகைத் தரையில் உட்கார்ந்து, புருஷன் போனபிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

ஆனால் ஊர் குடிக்க வேண்டுமே! மாப்பிள்ளை ஹ்யூவின் அப்பா எபனேசர் கிலெஸ்பிதான் அந்தப் பள்ளத்தாக்கில் விஸ்கிக்கு நீதிபதி. ஜெனட் நீட்டிய கோப்பையை அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"என்னம்மா இது, துருத்தண்ணி! கொண்டுபோய்ப் பன்னிக்கு ஊத்து."

அவர் சொன்னபிறகு ஊரே துருத்தண்ணி என்றது. கல்யாணத்துக்குப் பின் இரண்டு வீட்டுக்கும் ஒரே கொப்பரை என்று ஏற்பாடு. அவருடைய வெள்ளை விஸ்கிக்குப் பீப்பாய் போதவில்லை. அதனால் கல்யாணத்துக்கு மறுநாள் ஜெனட்டின் நாலு பீப்பாயையும் கவிழ்த்துவிடுவது என்று அவராகவே தீர்மானம் செய்துவிட்டார். ஜெனட் வாதாடிப் பார்த்தாள். ரோசன்னாவின் முகம் வாடியதைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

வாயைத்தான் மூடினாள், மூளையை மூடவில்லை. அந்த ஊர்க் கல்யாணங்களில் மாப்பிள்ளை ஊர்வலம் ஒரு மைலுக்கு அப்பால் நின்றுவிடும். இளவட்டங்கள் குதிரையில் பெண் வீட்டுக்குப் பாய்ந்து வருவார்கள். முந்தி வருகிறவன் வாசற்படியிலிருக்கும் கறுப்பு பாட்டிலை எடுத்துக்கொண்டு ஊர்வலத்துக்குத் திரும்ப வேண்டும். முதல் வாய் மாப்பிள்ளைக்கு, அடுத்தது அவன் அப்பாவுக்கு, அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு. பெண் வீட்டு விஸ்கி தொண்டையில் இறங்காமல் மாப்பிள்ளை அந்தப் படி ஏறக்கூடாது. கறுப்புக் கண்ணாடிக்குள் நிறம் தெரியாது. எபனேசர் குடித்தே ஆகவேண்டும். என்னவென்று தெரியாமல் குடித்தால், நல்லா இருக்கிறது என்று சொல்லாமலா போவார்?

வெயில் ஏறும்போது குளம்புச் சத்தம் கேட்டது. வேலியைத் தாண்டிக் குதித்து முதலில் வந்தவன் மாப்பிள்ளையின் அத்தை மகன் டேவி. தலையிலிருந்து கால்வரை சேறு, முகமெல்லாம் பல்.

"பெரியம்மா! பாட்டிலைக் குடுங்க!"

"இந்தா. வழியில மூடியைத் தொறந்தே, காலை ஒடிச்சிருவேன்!"

"சத்தியமா மாட்டேன்!" என்று கத்திக்கொண்டே பறந்துவிட்டான். தோற்றுப்போன பயல்கள் கூச்சல் போட்டபடி அவன் பின்னாலேயே ஓடினார்கள்.

இனிப் பிடில் சத்தம் கேட்கவேண்டும், வேட்டுச் சத்தம் கேட்கவேண்டும். ஒன்றையும் காணோம். அடுப்பில் வான்கோழி கருகத் தொடங்கியது. ரோசன்னா ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்து நடந்து தலையில் செருகியிருந்த பூவெல்லாம் உதிர்ந்தது.

"அம்மா, ஹ்யூ மனசு மாறிட்டானோ?"

"சும்மா இருடி. உன்னை எட்டிப் பார்த்துப் பார்த்தே நம்ம வேலியைச் சாய்ச்சவன் அவன். அவனாவது மாறறதாவது!"

மகளை அடக்கினாளே ஒழிய, ஜெனட்டும் வாசலுக்குப் போய்ப் பாதையை எட்டிப் பார்த்தாள். கடைசியில் வந்தது ஊர்வலம் இல்லை. எபனேசர் மட்டும் குதிரையில் வந்தார். முகம் கொதிக்கிற கொப்பரை மாதிரி இருந்தது. பின்னால் டேவி தன் குதிரையைப் பிடித்துக்கொண்டு அசட்டுச் சிரிப்போடு நடந்து வந்தான்.

எபனேசர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். "பாரும்மா! ஒரு சொட்டு இருக்கா பாரு! எல்லாத்தையும் இந்தக் கழுதைங்க குடிச்சிருச்சு!"

"மூடி தானா ஆடிச்சு, பெரியம்மா" என்றான் டேவி. "விரல்ல வழிஞ்சதை நக்கினேன், அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் என் வசத்துல இல்ல. பின்னாடி வந்தவனுங்க வாசனை பிடிச்சிட்டானுங்க. ஓடைக்கரையில குந்தி ஆளுக்கு ஒரு வாய். குடிச்சது கொஞ்ச நேரந்தான். அதைப் பத்திப் பேசினதுலதான் நேரம் போயிருச்சு."

"பேசாதடா! மாப்பிள்ளைக்கு முந்தி வாய் வைக்கலாமா? வழக்கம் தெரியாத பய! ஏம்மா, சீக்கிரம் நிரப்பிக் குடு. என் பையன் அங்க வெயில்ல வேர்த்து ஊத்தி நிக்கறான்."

ஜெனட் கூஜாவைக் கொண்டுவந்து சாய்த்தாள். வெயிலில் சிவப்பாக இறங்கியது விஸ்கி. எபனேசரின் கண் பிதுங்கியது.

"இதையா ஊத்தி அனுப்பினே?"

"வெள்ளையெல்லாம் போன மாசமே மலை ஏறிடுச்சு சம்பந்தி. வீட்டில இதுதான் இருக்கு."

"துருத்தண்ணியை என் பையன் கல்யாணத்துக்கு..."

"துருத்தண்ணின்னா ஓடைக்கரையில ஒரு வாயாவது மிஞ்சியிருக்குமே?"

டேவி களுக்கென்று சிரித்தான். எபனேசர் திரும்பிப் பார்த்ததும் குதிரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

ஜெனட் ஒரு தகரக் குவளையில் கொஞ்சம் ஊற்றி நீட்டினாள். "ஒரே ஒரு வாய் பாருங்க. என் வீட்டுக்காரர் கையால வச்சது. எனக்காக."

"மாப்பிள்ளைக்கு முன்னாடி நானா? இப்பதானே இவனுங்களை அதுக்காகத் திட்டிட்டு வரேன். வழக்கம்னா வழக்கம்."

"அப்ப பீப்பாய்?"

"நாளைக்குக் காலி. சொன்னா சொன்னதுதான்."

பாட்டிலைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஜெனட்டுக்கு அழுகை முட்டியது. அந்த மனிதரை அவளுக்கு நன்றாகத் தெரியும். இப்போது நிறம் தெரிந்துவிட்டது. இனி அத்தனை பேர் முன்னால் அது தேவாமிர்தமாகவே இருந்தாலும் துப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

பாதை சரிந்து இறங்கி, பெரிய சிக்கமோர் மரத்தைச் சுற்றி வளைகிறது. அந்த இடம் ஊர்வலத்தின் கண்ணுக்குத் தெரியாது. ஜெனட்டின் வாசற்படிக்கு உள்ளங்கை மாதிரி தெரியும். இது எபனேசருக்கு அவசரத்தில் மறந்துவிட்டது.

மரத்தடியில் குதிரை நின்றது. எபனேசர் முன்னால் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். கை கோட்டுக்குள் போயிற்று. தலை பின்னால் சாய்ந்தது. சாய்ந்த தலை நிமிரவேயில்லை.

"பெரியம்மா! மாமா... அங்க..." என்றான் அங்கேயே நின்றுவிட்ட டேவி.

"மூச்சு விடாதடா. பாரு."

தலை ஒருவழியாக நிமிர்ந்தது. குதிரை நாலடி நடந்தது. மறுபடியும் நின்றது.

ஜெனட் படியில் உட்கார்ந்து, முந்தானையில்லாத ஊரில் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ரோசன்னா பதறி ஓடிவந்தாள்.

"என்னம்மா ஆச்சு? வராங்களா இல்லையா?"

"வராங்கடி, வராங்க. கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்." ஜெனட் கண்ணைத் துடைத்துக்கொண்டு டேவி பக்கம் திரும்பினாள். "டேய், உள்ள போய் அந்தப் பெரிய பூட்டை எடுத்துட்டு வா. நாளைக்கு உங்க மாமா பீப்பாயைக் கவுக்க வரமாட்டாரு. தூக்கிட்டுப் போகத்தான் வருவாரு. கொட்டகையை இப்பவே பூட்டணும்."