ஆமை நின்ற பதினைந்து நொடி

பன்னிரண்டு வருஷம் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தி நொந்துபோனவள் அந்த டீச்சர். வேகம் என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் சூத்திரத்தைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஏன் என்று கேட்க ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். அஸ்திவாரமே ஆட்டம் என்று அவளுக்குப் பட்டது. நாலாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கிறேன் என்று தலைமையாசிரியையிடம் போய் நின்றாள்.

"ஒரே ஒரு வகுப்பு தர்றேன். நானும் வந்து உக்காருவேன். தேறலைன்னா பேசாம பதினொண்ணுக்கே திரும்பிடணும்" என்றார் அந்த அம்மா.

நாலு நாளாக வீட்டுக் கூடத்தில் சாவி கொடுத்த பொம்மை ஆமையை விட்டுப் பார்த்தாள். "உன் மானம் ஆமை காலுல இருக்கு" என்று புருஷன் கிண்டல் வேறு.

வகுப்பில் இரண்டு மீட்டர் இடைவெளி விட்டுத் தரையில் இரண்டு கோடு. நேரம் பார்க்கும் கடிகாரம், நண்டு என்று பட்டப்பெயர் வாங்கிய வாயாடிப் பெண்ணிடம். ஆமை பாதி வழியில் தரைக்கல் இடுக்கில் சிக்கி நின்றது. பிறகு எப்படியோ விடுபட்டு, தத்தித் தத்திக் கோட்டைத் தொட்டது.

"இருபத்தஞ்சு நொடி" என்றது நண்டு.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியையின் கைக்கடிகாரத்தில் நாற்பது. "மணி பார்க்கவே தெரியல. இதுங்களுக்கு இயற்பியலா?"

டீச்சர் நண்டின் பக்கம் திரும்பினாள். "ஏன்டி, நடுவுல கடிகாரத்தை நிறுத்துனியா?"

"ஆமா டீச்சர். அதுதான் நடக்கவே இல்லையே. சும்மா நிக்கிறதுக்கு எதுக்கு நேரம் ஓடணும்?"

அதட்ட வந்த நாக்கை டீச்சர் அடக்கிக்கொண்டாள். "இன்னைக்கு நீ ஸ்கூலுக்கு வர எவ்வளவு நேரமாச்சு?"

"அரை மணி. நாய்க்குட்டியைப் பார்த்துட்டுப் பத்து நிமிஷம் நின்னேன். நடந்தது இருபதுதான்." நண்டு தலையைச் சொறிந்தது. "ஆனா கேட்ல லேட்டுன்னு நிறுத்திட்டாங்க. நாய்க்குட்டி நேரத்தை யாரும் கழிச்சுக்கல... அப்போ ஆமைக்கு ரெண்டு வேகம் இருக்கு டீச்சர். நடக்கும்போது ஒண்ணு, மொத்தமாப் பார்த்தா ஒண்ணு."

பதினோராம் வகுப்பில் இதைப் புரியவைக்க முழுசாக ஒரு வாரம் பிடிக்கும். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"ரெண்டுல எது சரி?" என்று அங்கிருந்து கேள்வி வந்தது.

"நீங்க எதைக் கேக்கறீங்கன்னு சொன்னாதானே சொல்ல முடியும் மிஸ்?" என்றது நண்டு.

தலைமையாசிரியை எழுந்து வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கோட்டோரமாகத் தரையில் உட்கார்ந்தார்.

"சாவி கொடு" என்றார். "இந்தத் தடவை கடிகாரம் எங்கிட்ட இருக்கட்டும்."