ஐம்பத்திரண்டாம் எண் காலர்

ஊரில் எனக்கு லாண்டரி என்று பேர். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரருக்கே தெரியாது. துறைமுக வாசலுக்கு எதிரே கடை. இரண்டு பெரிய வாஷிங் மெஷின், ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, சும்மா இருக்கத் தெரியாத ஒரு வாய். அந்த வாயை ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பதினெட்டு வருஷம் பூட்டி வைத்திருந்தேன்.

கடலில் எண்ணெய் எடுத்த ரிக் எரிந்து அத்தனை வருஷம் கழித்து துறைமுகத்தில் நினைவுக்கல் திறக்கப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வாரம், வெல்டர் வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் பையோடு கடைக்குள் நுழைந்தாள். அவள் புருஷன் ரிக்கில் வெல்டராக இருந்து அந்தத் தீயில் போனவர். தெருவில் அவள் எதிரே வந்தால் நான் மறுபக்கம் போய்விடுவேன். அவள் வீட்டுத் துணியை வாங்க என் வீட்டுக்காரரைத்தான் அனுப்புவேன். அன்று பார்த்து மனுஷன் ஹோட்டல் விரிப்புகளை ஏற்றிக்கொண்டு வண்டியில் போயிருந்தார். வசமாக மாட்டிக்கொண்டேன்.

“லாண்டரி, இதை நல்லா அலசி இஸ்திரி போட்டுக் குடு. வெள்ளிக்கிழமை விழாவுக்கு வேணும்.”

“என்னக்கா இது?”

“ஓவரால். அப்ப ஆஸ்பத்திரியில குடுத்தாங்களே, அதுதான். இன்னிக்கு வரைக்கும் பிரிக்கல. நீ பிரி, நான் இப்படி உக்காந்துக்கறேன். முட்டி வலி உயிர் போகுது.”

பெஞ்சில் உட்கார்ந்தும்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, தடதடத்தது.

நடந்தது இதுதான். கடலுக்கு நடுவே நின்ற அந்த ரிக்கில் வேலை பார்த்தவர்கள் சட்டையும் பேன்ட்டும் ஒன்றாகப் போடும் ஓவரால் எல்லாம் என் கடைக்குத்தான் வரும். ஒவ்வொரு காலரின் உட்புறமும் ஒரு துணிப்பட்டி வைத்து, அழியாத மையில் எண் எழுதியிருப்பேன். வெல்டருக்கு ஐம்பத்திரண்டு. பம்ப் பார்த்துக்கொண்ட நெட்டைக்கு முப்பத்தெட்டு. ரிக்கிலேயே பெரிய அளவு போட்டவர்கள் இந்த இரண்டு பேர்தான். உப்புக்காற்றும் வேர்வையும் பட்டுக் காலர் சீக்கிரம் நைந்துவிடும். அதைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்துக் கொடுப்பது என் வழக்கம். வேறு கடையில் செய்யமாட்டார்கள். அந்தப் பெருமை வேறு எனக்கு.

கடைசியாகத் துணி அனுப்பிய அன்று இரண்டு பேருடைய காலரையும் ஒரே நேரத்தில் பிரித்துப் போட்டிருந்தேன். படகு கிளம்பச் சங்கு ஊதிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, “மகாராணி, படகு உனக்காக நிக்காது!” என்று கத்தினார். அவரைத் திட்டிக்கொண்டே தைத்தேன். மூட்டை போன பிறகுதான் உறைத்தது. எந்தக் காலரை எந்த ஓவராலில் தைத்தேன்? வாய் வேலை செய்ததில் கண் பார்க்கவில்லை.

சரி, திரும்பி வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டேன். எண் எனக்குத்தானே, அவர்களுக்கு எதற்கு? போடுகிறவன் காலருக்குள்ளேயா எட்டிப் பார்ப்பான்? வெல்டருடைய ஓவராலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். தீப்பொறி பட்டு முன்பக்கமெல்லாம் ஓட்டை. கடைசியாக என் வீட்டுப் பச்சைத் திரைச்சீலையை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தேன். “உன் ஜன்னலை நடக்க விட்டுட்டியேம்மா!” என்று சிரித்தார் அவர்.

ஆறாவது நாள் காலையில் ரிக் எரிந்தது. பதினொரு பேர். கரையிலிருந்தே புகை தெரிந்தது. பிறகு எண்ணெய் வந்தது. ஒரு வருஷம் மீன் சந்தை பூட்டிக் கிடந்தது. வலை வீசியவர்கள் வாளியும் கரண்டியுமாகக் கரையில் எண்ணெய் அள்ளினார்கள். அவர்கள் துணியை நான்தான் துவைத்தேன். மெஷினிலிருந்து வந்த தண்ணீர் தார் போல ஓடியது. சோற்றில்கூட டீசல் வாடை அடித்தது. மீன் திரும்பி வந்தது, குழந்தைகள் மறுபடி கடலில் குளிக்கிறார்கள், ஊர் ஒருவழியாக மூச்சு விட்டது. நான்தான் விடவில்லை. ஏனென்றால் அந்த வாரமே பேப்பரில் போட்டிருந்தார்கள்: தீக்குப் பயந்து கடலில் குதித்து, முகம் தெரியாமல் கரை ஒதுங்கியவர்களை ‘உடையில் இருந்த சலவை எண்ணை வைத்து’ அடையாளம் கண்டார்களாம்.

அக்கா மண் போட்டது யாருக்கு? ஒவ்வொரு வருஷமும் பூ வைப்பது யார் தலைமாட்டில்? நெட்டையின் உடம்பு என்று வேறு ஊருக்கு அனுப்பினார்களே, அது யார்? கேட்கவும் பயம், சொல்லவும் பயம்.

பையைப் பிரித்தேன். உப்பு பூத்து விறைத்துப்போன நீலத் துணி. காலரை விரித்தேன். ஐம்பத்திரண்டு. என் கையெழுத்துதான். பிறகு முன்பக்கத்தைத் திருப்பினேன்.

ஒரு ஓட்டை இல்லை. ஒரு பச்சை ஒட்டு இல்லை.

இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

“அக்கா, என்னை மன்னிச்சிரு. இது அவர் ஓவரால் இல்ல. நெட்டையோடது. காலர மாத்தித் தெச்சது நான்தான். நீ பொதச்சது உன் வீட்டுக்காரரை இல்லக்கா. என் அவசர புத்தி, என் நாறவாய்…”

அழுதேன். மூக்கு ஒழுக அழுதேன். அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள், முட்டி வலியோடு.

“அடி பைத்தியமே. இதுக்குத்தான் என்னக் கண்டா ஓடி ஓடி ஒளிஞ்சியா? நான் என்னமோ, விதவை எதிர்ல வந்தா ஆகாதுன்னு நெனக்கிறியோன்னு உன்மேல கோவமா இருந்தேன்.”

“அக்கா…”

“கேளு. ஆஸ்பத்திரியில அம்பத்திரண்டுன்னு எழுதின ஆளத்தான் மொதல்ல காட்டினாங்க. மொகத்தப் பாக்க முடியல. பூட்ஸக் கழட்டுங்கன்னேன். அவருக்கு எடது கால்ல ரெண்டு விரல் ஒட்டியிருக்கும். பொறந்ததுலேந்தே அப்படித்தான். இந்த ஆளுக்கு அஞ்சும் தனித்தனியா இருந்துச்சு. இவர் இல்லன்னேன். நம்பர் இருக்கேம்மான்னாங்க. நம்பர நீயே கட்டிக்கோ, என் புருஷனக் குடுன்னு கத்தினேன். முப்பத்தெட்டுன்னு படுத்திருந்தவரோட பூட்ஸக் கழட்டினாங்க. அங்க இருந்தாரு.”

“நெஜமாவா?”

“பதினாலு வருஷம் நகம் வெட்டிவிட்ட காலு. எனக்குத் தெரியாதா? துணிதாண்டி மாறிச்சு. ஆளு மாறல. அவர நான் பொதச்சேன், நெட்டைய அவன் அக்கா பொதச்சா. ரிஜிஸ்டர்லகூட அடிச்சுத் திருத்தினாங்க. துணிப்பைய மட்டும் நம்பரப் பாத்துக் குடுத்துட்டாங்க.”

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கூடவே கோபமும் வந்தது.

“இத அப்பவே சொல்லித் தொலச்சா என்ன?”

“நீ நின்னாத்தானே சொல்றதுக்கு!”

மூக்கைச் சிந்திவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நெட்டையின் அக்கா விழாவுக்கு வருகிறாளாம். கடிதம் போட்டிருக்கிறாள். தம்பியின் துணி அவளிடம் போய்ச் சேரட்டும் என்றுதான் இவள் பையை எடுத்து வந்திருக்கிறாள்.

“அப்ப உன் வீட்டுக்காரரோட ஓவரால்?” என்று கேட்டேன்.

“அத நெட்டையோட அக்கா வீட்ல அப்பவே எரிச்சிட்டாங்களாம். கண்ணால பாக்க முடியலயாம். போகட்டும். என்கிட்ட அவர் துணின்னு ஒண்ணும் இல்ல. நாத்தனார் பசங்களுக்குக் குடுத்தது போக மிச்சத்தப் பூச்சி தின்னுடுச்சு.”

நான் ஓவராலை மறுபடி கையில் எடுத்தேன். அவசரத்தில் போட்ட தையல். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஓவரால் நெட்டையுடையது, சரி. காலர்?

தையல் பிரிக்கும் ஊசியை எடுத்து ஒவ்வொரு தையலாக அறுத்தேன். அக்கா என்ன செய்கிறாய் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இந்தத் தடவை வேலையில்தான் கண். காலர் முழுசாகக் கழன்று வந்ததும், நைந்த உட்பக்கத்தைத் திருப்பி அவள் மடியில் வைத்தேன்.

“இது அவரோடதுக்கா. அம்பத்திரண்டு. அவர் கழுத்துல கெடந்து நைஞ்ச காலர். இத மட்டும் நான் மாத்தித் தெச்சதால உன்கிட்ட வந்திருக்கு.”

அவள் நைந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றி வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது ரொம்பப் பெரிதாக இருந்தது.

ஓவராலுக்குப் புதுக் காலர் வெட்டினேன். முப்பத்தெட்டு என்று எழுதி, உரக்கப் படித்து, அவளையும் ஒரு தடவை படிக்கச் சொல்லிவிட்டுத்தான் தைத்தேன். ஓவராலை மெஷினில் போடும்போது, பழக்க தோஷம், காலருக்கும் கையை நீட்டினேன்.

“அதையும் குடுக்கா, ஒரு அலசு அலசிடறேன்.”

“தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிருவேன்” என்றாள் அக்கா.

நான் மெஷின் கதவைச் சாத்தினேன்.