மூன்றாம் மாடியில் யாருக்கும் வலியில்லை

எங்கள் எலும்பு டாக்டருக்கு ஊழியர்கள் வைத்திருக்கும் பெயர் சதவீதம். வாயைத் திறந்தால் அதுதான் வரும். முழங்கால் மூட்டை மாற்ற அவர் ஒரு புது முறை கண்டுபிடித்திருக்கிறார். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் வலியில்லாமல் நடக்கிறார்கள் என்பது அவருடைய ஆய்வின் முடிவு. அந்த ஆய்வுக்குப் படிவம் நிரப்பும் குமாஸ்தா நான்.

அறுவை முடிந்து ஒரு வருடம் கழித்து நோயாளி என் அறைக்கு வரவேண்டும். அறை மூன்றாம் மாடியில். லிஃப்ட் கெட்டு ஏழு மாதம் ஆகிறது. "மாடிப்படி ஏற முடியுதா?" என்று கேட்பேன். "ஏறித்தானே வந்தேன்" என்பார்கள். முடிகிறது என்று குறித்துக்கொள்வேன். வராதவர்களைத் 'தொடர்பில் இல்லை' என்று எழுதி மொத்தத்திலிருந்து கழித்துவிடுவோம். மெத்தப் படித்த சதவீதத்துக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

அந்தத் தொண்ணூற்றாறை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெருமையடித்தவளும் நான்தான். அதே அறுவை என் அக்காவுக்கு வலது காலில் நடந்திருந்தது. வலி போகவில்லை. மாமா அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் எழுந்து நடக்கிறாங்க, உனக்கு மட்டும் வலிக்குதாக்கும். வேலை செய்ய உடம்பு வணங்கல, அவ்வளவுதான்." அக்கா முனகுவதைக்கூட நிறுத்திவிட்டாள். சதவீதமோ, இடது கால் இழுப்பதால்தான் வலது கால் தேறவில்லை, அதையும் மாற்றிவிடலாம் என்று அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைக்குத் தேதி கொடுத்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அக்காவின் ஒரு வருடப் பரிசோதனை அன்று நான் மேலே காத்திருந்தேன். ஆளைக் காணோம். கீழே இறங்கிப் பார்த்தால் முதல் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்து பெஞ்சில் மூன்று பேர், மடியில் அதே நீல நிறக் கோப்பு.

"இவங்களும் மேல வரவேண்டியவங்களா?" என்று காவலாளியைக் கேட்டேன்.

"வாரத்துக்கு ரெண்டு மூணு பேர் இப்படித்தான் வர்றாங்க. படியைப் பார்ப்பாங்க, கொஞ்ச நேரம் உக்காருவாங்க, போயிடுவாங்க."

எனக்கு என்னையே அறையவேண்டும்போல இருந்தது. ஏழு மாதமாக இவர்களைத் தொடர்பில் இல்லை என்று எழுதியது என் கை.

அறுவை செய்துகொண்டவர்கள் இருநூறு பேர். நான் கழித்தவர்கள் எண்பது. ஐந்து நாள் தொலைபேசியைக் கீழே வைக்காமல் அறுபத்தொரு பேரைப் பிடித்தேன். நாற்பத்தொன்பது பேருக்கு வலி அப்படியே இருந்தது, அல்லது கூடியிருந்தது.

பட்டியலைச் சதவீதத்தின் மேஜையில் வைத்தேன். அவர் அறை தரைத்தளத்தில்தான்.

"இதைச் சேர்க்க முடியாதும்மா. பரிசோதனை மூணாவது மாடி அறையிலன்னு ஆய்வுத் திட்டத்துல எழுதியிருக்கு. போன்ல கேட்டது விதிமீறல்."

"கால் நம்ம அறுத்த கால்தானே சார்?"

"மாநாட்டுக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமாவும் இருந்தார். "அந்தத் தொண்ணூத்தாறு பொய் மாமா. நான்தான் கொண்டுவந்தேன், நானே சொல்றேன்" என்று பட்டியலை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. அக்கா வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். படிக்கட்டு முடியவில்லை. தூக்கமில்லை. உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

"செவ்வாய்க்கிழமை நான் வரல" என்றாள்.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை.

"இத்தனை மாசமா எனக்கே சந்தேகம்டி" என்று என்னிடம் சொன்னாள். "நெஜமாவே வலிக்குதா, இல்ல நான்தான் நடிக்கிறேனான்னு."