உட்கார்ந்த உயரம்

கோவில்பட்டியிலிருந்து வந்த சவப்பெட்டியை வேனிலிருந்து இறக்கவிடாமல் கிருபா வாசலை மறித்து நின்றாள்.

“மயினி, அளவு பத்தாதுதான். முட்டிய லேசா மடக்கி வச்சிருவோம். மேல பூவப் போட்டா யாருக்குத் தெரியப் போவுது?” என்றான் கொழுந்தன் பிரின்ஸ்டன்.

“எனக்குத் தெரியும்லா. உங்க அண்ணன உயிரோட இருக்கையில மடக்குனதே போதும்.”

அவள் சொன்னது கிளைடர் சங்கதியை. மின்வாரியத்தில் கம்பம் கம்பமாக ஏறி ஓய்வுபெற்ற அவள் கணவர் எபநேசருக்கு, எஞ்சின் இல்லாத அந்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்க்க ஆசை. குறுக்கே நின்றது அவர் உடம்புதான். ஓர் ஊர்க் கிளைடர் சங்கத்தில் முட்டி முன்பலகையில் இடித்தது. இன்னோர் ஊரில் கண்ணாடி மூடி தலைக்கு மேல் உட்கார மறுத்தது. “கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க சார்” என்று அங்கிருந்தவர் மூடியை அழுத்த, “அவியள என்ன ஊறுகாயா போடுதீங்க?” என்று கிருபா கேட்டுவிட்டாள்.

அதன்பிறகு முதலில் போனில் விசாரிப்பது என்று ஆனது. பேசுவது அவள் வேலை. எபநேசர் பேசினால் கம்பத்து உச்சியிலிருந்து கத்துவது போலிருக்கும். கேட்ட இடத்திலெல்லாம் ஒரே அளவைத்தான் கேட்டார்கள். நிற்கிற உயரமல்ல, உட்கார்ந்த உயரம். சுவரோடு அவரை உட்காரவைத்து அவளே டேப் பிடித்திருந்தாள். ஒரு சங்கத்தில் பழைய கிளைடர் ஒன்று அவருக்குக் கொள்ளும், வரலாம் என்று போன வாரம்தான் சொன்னார்கள். நேற்றுக் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்துவிட்டார்.

பிரின்ஸ்டன் விளாத்திகுளத்தில் பெட்டி செய்யும் செண்பகராஜைக் கூப்பிட்டு, போனை அவளிடம் நீட்டினான்.

“அளவு சொல்லுங்கம்மா.”

“மூணேகால் அடி.” பழகிய வாய்.

அந்தப் பக்கம் மரம் அறுக்கும் சத்தம் நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “சின்னப் புள்ளையாம்மா?”

கிருபா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். திரும்பவும் வைத்தாள்.

“இல்ல. ரொம்ப உசரம். பொறுங்க, அளந்து சொல்லுதேன்.”

தையல் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குதிகாலில் பிடித்த டேப் தோளோடு முடிந்துவிட்டது. அந்த இடத்தில் விரலை ஊன்றி மிச்சத்தை அளந்தாள். இத்தனை வருசத்தில் அவரை முழுசாக அளந்தது அன்றுதான்.

“ஆறடி அஞ்சங்குலம்” என்றாள் போனில்.

சாயங்காலம் புதுப்பெட்டி வந்தது. எபநேசர் காலை நீட்டிப் படுத்தார். ஜெபம் முடிந்து பெட்டியை ஏற்றினால் வேனின் பின்கதவை அடைக்க முடியவில்லை.

“அண்ணாச்சி, இப்படி நீட்டிக்கிட்டுப் போனா செவப்புத் துணி கட்டணும்” என்றான் டிரைவர் சுடலைக்குமார்.

“துக்கத்துல எங்கடே செவப்பக் கட்டுவான்?” என்றான் பிரின்ஸ்டன்.

கிருபா உள்ளே போய், தைக்காமல் கிடந்த சிவப்பு ரவிக்கைத் துணியில் ஒரு முழம் கிழித்து வந்தாள். பெட்டி நுனியில் அவளே முடிச்சுப் போட்டாள்.

வேன் கல்லறைப் பாதையில் திரும்பியது. எல்லோரும் பின்னால் நடந்தார்கள். பருத்திக் காட்டைத் தாண்டி வந்த காற்றில் அந்தத் துணி படபடத்தது. பிறகு மடங்காமல், நேராக நீண்டு நின்றது.